இருபத்திப் பத்து

கூட்ஸ் வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே செருப்புக்கு அடியில் தரை அதிரும். உள்ளங்காலில் தொடங்கும் அந்தக் குறுகுறுப்பு முழங்காலுக்கு ஏறுவதற்குள், பட்டாபிராம் 'கேட்'டில் நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் தண்டவாளத்தை எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு, தங்கை மீனா ஒன்றாம் வகுப்பு. இருபத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்பது மட்டும் அவள் மண்டையில் ஏறவே இல்லை. நூறு வரை சொல்லாவிட்டால் அதே வகுப்பில் உட்கார வைத்துவிடுவேன் என்று டீச்சர் சொல்லியனுப்பியிருந்தார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவாள் என்பதால், சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய பொறுப்பு என்ன, கையில் ஒரு மர ஸ்கேல்தான். "இருபத்தொம்போது" என்று முடிக்கும்போதே மீனா அடி வாங்கக் கையை நீட்டிவிடுவாள். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது கேட் மூடியிருந்தது. தார்ப்பாய் போர்த்திய பெட்டிகளோடு நீளமான வண்டி ஒன்று ஊர்ந்து போக, யாரும் கேட்காமலே மீனா எண்ண ஆரம்பித்தாள். "இருபத்தெட்டு, இருபத்தொம்போது, இருபத்திப் பத்து!" கூவிவிட்டு என்னைப் பார்த்ததும் அடி வாங்கக் கையை நீட்டினாள். அதற்குள் கேட்கீப்பர், பச்சைக் கொடியைப் பிடித்தபடியே, "இருபத்திப் பதினொண்ணு! உட்றாத பாப்பா, வண்டி போய்க்கினே கீது!" என்றார். சைக்கிளில் நின்ற பால்காரர் "இருபத்திப் பன்னெண்டு" என்று சேர்ந்துகொண்டார். நின்ற கூட்டமே சிரித்தது, என்னாலும் அடக்க முடியவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்த பிறகுதான் மீனா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, புத்தகப் பையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

மறுநாளிலிருந்து அது எங்கள் விளையாட்டானது. தப்பாகச் சொல்பவர் கேட் திறக்கும்வரை 'நொண்டி' அடிக்க வேண்டும். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். "ஐயே, முப்பது, அக்கா! இதுகூடத் தெர்ல உனக்கு!" என்று என்னை நொண்ட விட்டுக் கைகொட்டுவாள். ஸ்கேலை நான் அப்புறம் தொடவில்லை. பரீட்சையன்று டீச்சர் போதும் என்ற பிறகும் நிறுத்தாமல் நூற்றுப் பதினேழு வரை போனாளாம்.

இப்போது அந்தக் கேட் இல்லை, மேம்பாலம் வந்துவிட்டது. யாரும் யாரோடும் நிற்பதில்லை. சிரிப்பும் விளையாட்டும் பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது என்று பெற்றோர் கூட்டத்தில் படம் போட்டு விளக்குகிறார்கள், நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கணக்கில் கெட்டி. எப்போதாவது ஒன்று தப்பிவிட்டால், நான் பார்ப்பதற்குள் தாள் கிழியும் அளவுக்கு ரப்பரால் தேய்க்கிறான். தப்பாகச் சொல்லி, பாவம், அவன் இதுவரை ஒருவரையும் சிரிக்க வைத்ததில்லை.