ரஃபீக் பாய் குழுவில் சேர்ந்த கழுதை

தெப்பக்குளத்தை ஒட்டிய சந்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ரஃபீக்கிடம் ஊர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறது: "பாய், இது எனக்கு நல்லாருக்கா?" ஃபிரேமை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவர் தன் முகத்தைப் பார்ப்பதில்லை, ரஃபீக்கின் முகத்தைப் பார்க்கிறார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வட்டமா சதுரமா என்று முடிவுக்கு வர முடியாமல் உறையூர் வரை திரும்பிப் போய் மனைவியைக் கூட்டிவந்தார். பிறகு இருவருமாகச் சேர்ந்து ரஃபீக்கைக் கேட்டார்கள். வீட்டுக்குப் போனால் மனைவி அல்ஃபியா, "என்னங்க, நாளைக்கு மீனா கறியா?" என்பார். மீன் என்றால் என்ன மீன் என்பது அடுத்த கேள்வி.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நடத்தும் விளையாட்டைப் பற்றிச் சந்துக்குள் பல வதந்திகள் உண்டு. சீட்டாட்டம் என்று சிலர், ரகசியக் குழு என்று சிலர். உள்ளே நடப்பது கதை. ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் ரூமில் உடனிருந்த பிலிப்பைன்ஸ்காரர் கற்றுக்கொடுத்தது. ஒருவர் கதையை நடத்துவார். காடு, கோட்டை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலித்ததா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; எண் பெரிதாக விழுந்தால் பலித்தது. நடத்துபவர் சரக்கை எடுத்து வைத்தால் போதும், பொறுக்குவது மற்றவர்கள் பாடு. ரஃபீக் இந்த விளையாட்டில் மயங்கியதே அதற்காகத்தான். வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் அவரை யாரும் எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை.

ஆடுபவர்கள் மூவர். தொட்டியத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் அருள்ராஜ் வாள்வீரன். வாளை ஒருமுறைகூட உருவியதில்லை. கொள்ளைக்காரர்களிடமும் பேசியே காரியத்தை முடிப்பார். பாலக்கரையில் இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கும் பிரான்சி வில்லாளி. திருவானைக்காவலில் பியூட்டி பார்லர் நடத்தும் அனிஷா பூட்டுத் திறக்கும் திருடி. வைத்தியராக ஆடிக்கொண்டிருந்த ஜெஸ்வின் மாற்றலாகிப் புனே போய்விட்டான். வைத்தியர் இல்லாத குழு முதல் குகையைத் தாண்டாது. இந்த மாதிரி சமயத்தில் நடத்துபவரே ஒரு துணைப் பாத்திரத்தைச் சேர்த்து, அதற்கும் தானே பேசுவது வழக்கம்.

ரஃபீக் ஒரு சித்தரைச் சேர்த்தார். வெள்ளைத் தாடி, மூலிகைப் பை. அன்றோடு ரஃபீக்கின் நிம்மதி போயிற்று. பெரியவர் என்பதால் குகைக்குள் அவரை முன்னால் விடவில்லை. பின்னால் விட்டால் பாதுகாப்பில்லை என்று நடுவில் வைத்துக்கொண்டார்கள். மீன் பிடித்தால் முதல் துண்டு அவருக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அவரிடம் யோசனை கேட்டார்கள்.

"எனக்கு ஒன்னும் தெரியாதுப்பா," என்றார் ரஃபீக், சித்தரின் குரலில்.

"பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க," என்று அருள்ராஜ் இன்னும் பணிவானார். "நீங்க சொல்லுங்கய்யா, பூதம் எந்தக் குகையில இருக்கு?"

பூதத்தை அங்கே படுக்கவைத்ததே ரஃபீக். ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்த மாதிரி ஆகிவிட்டது. சித்தரைக் காசிக்கு அனுப்பிவைத்தார். அடுத்து, கைவைத்தியம் தெரிந்த ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார். "படிக்கிற புள்ளைய எங்கங்க இழுத்துட்டுப் போறது?" என்று அவளை முதல் கிராமத்திலேயே ஒரு வீட்டில் ஒப்படைத்துவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

அடுத்த ஞாயிறு ரஃபீக் கறாராக ஆரம்பித்தார். "இதான் கடைசி. இனிமே வர்ற ஆள்கிட்டயும் வழி கேட்டீங்கன்னா, முழு ஷட்டரையும் இறக்கிட்டு வீட்டுல போய்த் தூங்கிடுவேன். வெளையாட்டும் கெடையாது, ஒன்னும் கெடையாது. ஆளு பேரு மாறன். முப்பத்தஞ்சு வயசு. காயத்துக்குக் கட்டுப் போடுவாரு."

"எந்த ஊரு?" என்றார் அருள்ராஜ்.

"ஊரு எதுக்குண்ணே?"

"ஊரு தெரியாம எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"கல்யாணம் ஆயிடுச்சா பாய்?" என்றாள் அனிஷா.

"பாலிசி ஏதாவது போட்டிருக்காரா?" என்றாள் பிரான்சி.

வாய்க்கு வந்த ஊரைச் சொன்னார் ரஃபீக். அதுதான் தப்பு. அந்த ஊரில் இன்னார் தெரியுமா, அவருக்கு இவர் என்ன வேணும் என்று விசாரணை நீண்டு, டீ ஆறி, கடைசியில் மாறன் அருள்ராஜின் வாள்வீரனுக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான் முறை என்று முடிவாயிற்று. மச்சானை அடிபடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டு நாளைக்கு யார் பதில் சொல்வது?

ரஃபீக் கண்களை மூடிக்கொண்டார். திறந்தபோது சொன்னார்: "கழுதை."

"யாரை?" என்றார் அருள்ராஜ்.

"யாரையும் இல்லண்ணே. கழுதைதான் உங்க துணை. முதுகுல மருந்து மூட்டை இருக்கும். அடிபட்டா எடுத்துப் போட்டுக்கங்க. அதுக்கு ஊரு இல்ல, உறவு இல்ல. முக்கியமா, பேசாது."

மூவரும் யோசித்தார்கள். ஆட்சேபம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. "சாப்பிட்டுச்சாமா?" என்று மட்டும் அனிஷா கேட்டுவைத்தாள்.

கழுதை ராசியாகத்தான் இருந்தது. காட்டுக்குள் கொள்ளைக்காரர்கள் அதன் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது, அருள்ராஜ் பேச்சுவார்த்தையே இல்லாமல் வாளை உருவினார். "சரக்கு ஏத்துன வண்டியை மறிக்கிறவன்கிட்ட என்னய்யா பேச்சு?" பகடையில் பத்தொன்பது விழுந்தது. பிரான்சி விசிலடித்தாள்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் ஆளை விழுங்கும் பள்ளம். எது என்று ரஃபீக்குக்கு மட்டும் தெரியும்.

"இடமா, வலமா? சொல்லுங்க," என்றார்.

மூவரும் பாதையை விட்டுவிட்டு ரஃபீக்கின் முகத்தைப் பார்த்தார்கள். சுவரிலிருந்த கண்ணாடிகளிலும் அவர் முகத்தையே தேடினார்கள். அருள்ராஜ் தொண்டையைச் செருமினார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. கழுதை எந்தப் பக்கம் பாக்குது?"

ரஃபீக் எழுந்தார். ஷட்டர் கொக்கி சாய்த்து வைக்கப்பட்டிருந்த மூலைவரை போனார். "அண்ணே, ஏண்ணே வாயை விட்டீங்க?" என்று பிரான்சி முணுமுணுத்தாள். கொக்கியைக் கையில் எடுத்தவர், என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்தார்.

"கீழ பாக்குது," என்றார். "புல்லு இருக்கு."

"மேஞ்சு முடிச்சதும் தலையைத் தூக்குமில்ல?"

"நெறைய புல்லு இருக்குண்ணே."

மூவரும் ரஃபீக்கை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, "வலப் பக்கம் போலாம்," என்றாள் பிரான்சி. "எதை வெச்சுச் சொல்ற?" என்றாள் அனிஷா. "நீ எதை வெச்சு வேணாங்கிற?" என்று அருள்ராஜ் உள்ளே புகுந்தார். குரல்கள் சந்துவரை கேட்டன. சீட்டாட்டம்தான் என்று பக்கத்துக் கடைக்காரர் உறுதிப்படுத்திக்கொண்டார்.

ரஃபீக் கொக்கியை இருந்த இடத்திலேயே வைத்தார். கண் பரிசோதிக்கும் நாற்காலியில் சாய்ந்து, பிளாஸ்க்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு முதல்முறையாக அது சூடாக இருந்தது.

"வலப் பக்கம்தான் பாய். முடிவு பண்ணிட்டோம்," என்றார் அருள்ராஜ்.

பள்ளம் வலப் பக்கம்தான். ரஃபீக் ஒரு சமோசாவை எடுத்துக் கடித்துக்கொண்டே பகடையை அவர்கள் பக்கம் தள்ளினார்.