வேலிக்கு வெளியே இருந்த கிணறு

என் அண்ணி அன்னம்மாள் எந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தாலும், வாளியை உள்ளே விடுவதற்கு முன் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்ப்பார். தலை மட்டும்தான் திரும்பும், கை கயிற்றிலேயே இருக்கும். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகே கயிறு இறங்கும். மாதா கோயில் கிணறு எல்லோருக்கும் பொது. அங்கேயும் அப்படித்தான். கல்யாண வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னால் அங்கேயும் அப்படித்தான். பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"இன்னாக்கா, போலீஸ் வருதா?" என்று ஒரு நாள் ஒருத்தி கேட்டாள்.

"வந்தா உன்னத்தான் புடிச்சுக் குடுப்பேன்" என்று அண்ணி சிரித்தார். காரணம் சொல்லவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

தாய் தகப்பன் போன பிறகு நான் என் அண்ணன் இருதயராஜ் வீட்டிலேயே வளர்ந்தேன். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தேன். பிறகு வீட்டு வேலை வந்துவிட்டது. ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டி எங்கள் குடிசை. அண்ணன் சின்ன வயதிலிருந்தே பிறருடைய கொட்டகைகளில் தோல் பதனிடும் வேலை செய்தவர். மாலையில் வந்து, சுண்ணாம்பு தின்ற விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணி அதைப் பார்த்து, "இந்தக் கை யாருக்கோ வேகுது. நமக்காவது வேகட்டுமே" என்பார். சொந்தமாகக் கொட்டகை நடத்தும் ஆசை அண்ணனைவிட அண்ணிக்குத்தான் அதிகம்.

ஜெர்மன் யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து அதற்கு ஒரு வழி வந்தது. தோல் வியாபாரி சர்தார் பாஷா தம்முடைய பழைய கொட்டகை ஒன்றைப் பத்து வருஷக் குத்தகைக்குத் தர ஒப்புக்கொண்டார். கொட்டகை, சுண்ணாம்புத் தொட்டிகள், பட்டைச்சாறு ஊற்றும் தொட்டிகள், தோல் காயப்போடும் களம், எல்லாவற்றையும் சுற்றி முள்வேலி. கிணறு மட்டும் வேலிக்கு வெளியே, பக்கத்து நிலத்தில் இருந்தது. அந்த நிலமும் அவருடையதுதான். கிணற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வேலிக்கு அடியில் நுழைந்து தொட்டிகளுக்கு வரும்.

அண்ணி பாஷாவிடமே கேட்டார். "பாய், கெணறு வெளிய இருக்குதே?"

"இருந்தா இன்னாம்மா? அந்த வேலி மாட்டுக்குப் போட்டது, உனக்கா போட்டது? எறைச்சுக்கோ" என்றார் பாஷா.

பத்திரம் எழுதுபவரே போதும் என்று பலர் சொன்னார்கள். அண்ணிதான் கேட்கவில்லை. பத்து வருஷக் காரியம், வக்கீல் கையாலேயே எழுத வேண்டும் என்றார். வேலூரில் ராமமூர்த்தி என்ற வக்கீலை அண்ணன் போய்ப் பார்த்தார். இடத்தைப் பார்க்காமல் எழுத மாட்டேன் என்று அவரே சொல்லியனுப்பினார். பள்ளிகொண்டாவில் பெருமாளைச் சேவித்துவிட்டு ஆம்பூரில் உறவினர் வீட்டுக்குப் போவதாகவும், வழியில் இறங்கிப் பார்ப்பதாகவும் ஒரு நாள் குறித்தார்.

அன்று காலையிலிருந்தே அண்ணனும் அண்ணியும் நானும் ரஸ்தா ஓரத்துப் புளியமரத்தடியில் நின்றோம். வெயில் ஏறிய பிறகு ஜட்கா வந்து நின்றது. காற்று எங்கள் பக்கமிருந்து அடித்தது. வக்கீல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நெற்றியில் நாமம் புதிதாக இருந்தது.

"சாமி கும்பிட்டு வரேம்ப்பா. அங்கெல்லாம் இறங்க முடியாது. இங்கேயே சொல்லு. வேலிக்குள்ள என்னென்ன இருக்கு?"

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். கொட்டகை, தொட்டிகள், களம், கிழக்கே இன்னது, மேற்கே இன்னது. பெரியவர்கள் கேட்டதற்கு மேலே ஒரு சொல் சொல்லிப் பழகாதவர் அவர். வேலிக்குள் இருந்ததை மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். வக்கீல் கையில் தாள் எதுவும் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்போது அண்ணி மரத்தடியிலிருந்து முன்னால் வந்தார். "சாமி, கெணறு வேலிக்கு வெளிய இருக்குது. அதையும் எழுதணும்."

வக்கீல் அண்ணனைப் பார்த்தார். "உன் சம்சாரமா? நன்னா பேசறாளே! கிணறு இல்லாம தோல் வேலை ஏதும்மா? அதெல்லாம் நான் பாத்துக்கறேன்."

குதிரை தலையை உதறியது. "இதுக்கும் வாடை பிடிக்கலை" என்று வக்கீல் சிரித்தார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். ஜட்கா போய்விட்டது.

பத்திரத்தைப் படித்துக் காட்டிய நாளில் அண்ணன் மட்டும் வேலூருக்குப் போனார். வக்கீல் வீட்டில் அவர் வாசலுக்குக் கீழே நிற்க, குமாஸ்தா உள்ளேயிருந்து படித்தாராம். பாதிதான் காதில் விழுந்ததாம். மறுபடி படியுங்கள் என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

இரண்டு வருஷம் நன்றாகவே போனது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது, தோல் வெளுத்தது, சென்னைப்பட்டணத்துக்குப் போனது. அண்ணி கொட்டகையை விட்டு வீட்டுக்கு வரவே மாட்டார். நான்தான் சோறு கொண்டுபோவேன்.

பிறகு சர்தார் பாஷா இறந்துபோனார். பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டார்கள். கொட்டகை பட்டணத்தில் வியாபாரம் செய்யும் மூத்த மகனுக்குப் போனது. கிணறு இருந்த நிலம் இளையவர் அப்துல் ஹமீதுக்கு வந்தது. அவர் அதிலேயே தமக்கொரு கொட்டகை போட்டார். முதல் வருஷம் இரண்டு பக்கமும் தண்ணீர் போனது. அடுத்த வருஷம் மழை பொய்த்தது. பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை பார்த்தால், வேலிக்கு அடியில் வாய்க்கால் வரும் இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தது.

அண்ணன் போய்க் கேட்டார். ஹமீத் கோபப்படவில்லை.

"என் தோலுக்கே தண்ணி பத்தல, இருதயராஜு. எனக்கு மட்டும் பேஜார் இல்லையா? பத்திரத்துல கெணறுன்னு இருந்தாக் காட்டு. நானே கல்லைப் புடுங்கிப் போட்றேன்."

மாதா கோயில் பங்குச் சாமியாரிடம் பத்திரத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். நாற்புறமும் வேலிக்கு உட்பட்ட கொட்டகை, தொட்டிகள், களம் என்று இருந்தது. சாமியார் இரண்டாம் முறையும் படித்தார். கிணறு இல்லை.

அந்தச் சமயம் சுண்ணாம்புத் தொட்டிகள் நிறையத் தோல் கிடந்தது. குறித்த நாளில் எடுத்துக் கழுவாவிட்டால் சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும். அண்ணியும் நானும் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, குடம் குடமாகச் சுமந்தோம். ஆற்றுக்கும் கொட்டகைக்கும் நடந்து நடந்து அண்ணியின் கால் வீங்கியது. குடத்துத் தண்ணீர் தோல் வேலையில் எந்த மூலைக்கு? கடைசியில் தொட்டியில் கையை விட்டு எடுத்தால் தோல் ஊறின காகிதம் போலப் பிய்ந்து வந்தது. அண்ணன் கரையில் குழி வெட்டினார். அண்ணி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு மூடினார்.

கொட்டகையை விட்டுவிடவும் முடியவில்லை. பத்து வருஷத்துக்கு எழுதியாகிவிட்டது, தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குத்தகை குத்தகைதான் என்று மூத்தவர் பட்டணத்திலிருந்து எழுதினார்.

குடிக்கவும் சமைக்கவும் அதுவரை அந்தக் கிணறுதான் எங்களுக்கு. ஹமீதின் மனைவி பில்கிஸ் ஒரு நாள் தங்கள் கொட்டகையின் பின்கதவைத் திறந்து அண்ணியைக் கூப்பிட்டார். "அன்னம்மாக்கா, வூட்டுக்கு வேண்டியது எடுத்துக்கோங்க. அவரு தொழுகைக்குப் போற நேரமாப் பாத்து வாங்க. கயித்தை வுடறதுக்கு முன்னால ஒரு தபா பின்னால பாத்துக்கோங்க. எனக்காவ." அண்ணி அப்படியே செய்தார். அந்தப் பழக்கம்தான் இன்னும் போகவில்லை.

அண்ணனும் அண்ணியும் வேலூருக்குப் போனார்கள். நானும் கூடப் போனேன். வக்கீல் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். "விட்டுப்போயிடுத்தே" என்றார். பிறகு, கேஸ் போடலாம் என்றும் தாமே இனாமாக நடத்துவதாகவும் சொன்னார். அண்ணன் அவர் காலில் விழுந்தார். அண்ணி விழவில்லை.

கேஸ் வாய்தா மேல் வாய்தாவாக நடந்தது. ஒரு தரம் வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஒரு தரம் தாளைக் கொண்டுவர மறந்துவிட்டார். கடைசியில் அண்ணி சாட்சி சொல்லும் நாள் வந்தது. கோர்ட்டுக்கு வெளியில் வக்கீல் எங்களைத் தனியாக அழைத்துப் போனார்.

"பாஷா வாயால சொன்னாரே, அதைச் சொல்லு. என்கிட்ட வண்டியில சொன்னதை மட்டும் சொல்லாதே. சொன்னா நான் இந்தக் கேஸை நடத்த முடியாது. வேற எவன் உனக்கு இனாமா நடத்துவான்?"

"அவங்க கேட்டா இன்னா சொல்றது சாமி?"

"அதையெல்லாம் கேக்க மாட்டா."

அண்ணி அண்ணனைப் பார்த்தார். "ஒத்துக்கோ, அன்னம்மா" என்றார் அண்ணன். குரல் கெஞ்சியது.

அண்ணி வேதப் புத்தகத்தை முத்தமிட்டுச் சத்தியம் செய்தார். பாஷா சொன்னதைச் சொன்னார். எதிர்வக்கீல் எழுந்து முதலில் கேட்டதே அதுதான். "கிணறு அவ்வளவு முக்கியமென்றால், பத்திரம் எழுதும்போது உங்கள் வக்கீலிடம் ஏனம்மா சொல்லவில்லை?"

அண்ணி ராமமூர்த்தியைப் பார்த்தார். அவர் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அண்ணி பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லத் தோணலீங்க" என்றார் அண்ணி.

கேஸ் தள்ளுபடியானது. கிணற்றையும் சேர்த்துத்தான் குத்தகை என்றால், எழுதும்போதே கேட்டிருப்பார்கள், கேட்கவில்லை என்று குத்தகைதாரரின் மனைவியே ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்று தீர்ப்பில் இருந்ததாம். வக்கீல்தான் அதைத் தமிழில் சொன்னார். அப்பீல் பண்ணலாம் என்றும் சொன்னார். அண்ணன் போதும் என்றுவிட்டார்.

அந்த வருஷம் ஈஸ்டர் பூசையில் எல்லோரும் போய்ச் சாமியார் கையால் நன்மை வாங்கினார்கள். அண்ணி எழுந்து போகவில்லை. பொய்ச் சத்தியம் செய்துவிட்டு எப்படிப் போவது என்று நினைத்திருப்பார். அதற்கடுத்த வருஷம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வாங்கினார்.

ஊரில் பேச்சு நிற்கவில்லை. "ஒரு வார்த்தை கேட்டு வெச்சிருந்தா இந்தக் கதி வருமா?" என்று கடைத்தெருவில் பெண்கள் அண்ணியின் முகத்துக்கு எதிரிலேயே சொல்வார்கள். "அன்னிக்கு வாயில வெத்தல இருந்துது" என்பார் அண்ணி. அவர்கள் சிரிப்பார்கள். அண்ணியும் கூடச் சிரித்துவிட்டுப் புளியோ மிளகாயோ வாங்கிக்கொண்டு வருவார்.

இதையெல்லாம் அண்ணி தாங்கினார். ஒரு நாள் அண்ணன் வெளியூர் வேலையிலிருந்து வந்து, விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "நீ அன்னிக்கே கெணத்தப் பத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார். சண்டைக்காகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். ஊரார் சொல்லிச் சொல்லி அவருக்கும் அப்படியே தோன்றிவிட்டது.

அண்ணி சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"பாப்பா, நான் சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க அண்ணி. வண்டி பக்கத்துல நின்னு சொன்னீங்க. குதிரை தலைய உதறுச்சு."

அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, சோறு துன்ன வாங்க" என்றார் அண்ணி.

குத்தகையின் பத்து வருஷம் முடிந்துவிட்டது. மூத்தவர் ஆள் அனுப்பிக் கொட்டகை ஓடுகளைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார். தொட்டிகளில் மணல் நிறைந்திருக்கிறது. அண்ணன் பேரணாம்பட்டில் ஒருவரிடம் கூலிக்கு இருக்கிறார், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிறார். வக்கீல் ராமமூர்த்தி இப்போதும் கோர்ட்டுக்குப் போகிறார். அண்ணி ஹமீத் பாயின் கொட்டகையில் ஆவாரம்பட்டை இடிக்கிறார். எங்கள் வீட்டுக்கு மாதா கோயில் கிணற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம்.