ஆறு பந்துக்காரர்

ஏழாவது ஓவர் நடந்துகொண்டிருக்கும்போது ஜெபக்குமார் எல்லைக்கோட்டுக்கு அப்பால் வெள்வேல மரத்தடியில் நின்று, இளநீர் வெட்டுகிறவரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். முதுகு ஆட்டத்தின் பக்கம் இருக்கும். பந்து அந்தத் திசையில் உருண்டால் யாராவது பேர் சொல்லிக் கத்துவார்கள். அவர் திரும்பி, காலால் நிறுத்தி, கீழ்க்கையாக உருட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். யார் ஆடுகிறார்கள், எத்தனை பேர் அவுட் என்றெல்லாம் கேட்பதில்லை. ஓவர் முடிந்து கேப்டன் கையைத் தூக்கினால் மட்டும் பாண்ட்டைச் சற்று மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நடந்து வருவார். கேட்பது ஒரே கேள்விதான்.

"அவனுவளுக்கு எத்தனை வேணும்?"

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் டென்னிஸ் பந்து ஆட்டம் இது. பக்கத்துக்கு எட்டு ஓவர். ஒருவர் இரண்டு ஓவர் வரை வீசலாம். ஜெபக்குமார் ஒன்றுதான் வீசுவார், கடைசி ஓவரை. முப்பத்தெட்டு வயதில், பதினேழு வருடமாக, அது மட்டும்தான் அவர் வேலை. மற்ற ஆறு நாளும் கம்பெனியில் அயர்ன் மாஸ்டர்.

அதே அணிக்கு முதல் ஓவரும் மூன்றாவது ஓவரும் வீசுகிறவன் கதிர்வேல். சேவூர்க்காரன், இருபத்துமூன்று வயது, பேச்சு குறைவு. புதுப் பந்து, தெம்பாக வரும் முதல் ஆட்டக்காரர்கள், காலை வெயில் எல்லாம் அவன் தலையில்தான் விடியும். இரண்டு ஓவரில் ஏழு ரன் கொடுத்துவிட்டு வருவான். கைதட்ட நாலு பேர் இருப்பார்கள், அதில் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே தட்டுவார். கடைசி ஓவர் என்றால் அத்தனை செல்போனும் எழுந்து நின்றுவிடும். திங்கட்கிழமை கம்பெனியில் எல்லோருடைய ஸ்டேட்டஸிலும் ஜெபக்குமார் கை சுழன்றுகொண்டிருக்கும். அந்த வீடியோக்களின் ஓரத்தில், கலங்கலாக, கை தட்டியபடி ஓர் உருவம் ஓடி வரும். அது தான்தான் என்று கதிர்வேல் யாருக்கும் காட்டியதில்லை.

பொறாமைக்காரன் பார்ப்பதுபோல் யாரும் எதையும் பார்ப்பதில்லை. ஜெபக்குமாரைப் பற்றிக் கதிர்வேலுக்குத் தெரிந்த அளவு அவர் மனைவி ராக்கம்மாளுக்கே தெரியுமா என்பது சந்தேகம். ஐந்தே எட்டில் ஓடி வருவார். ஐந்தாவது எட்டில் வாயை லேசாகத் திறப்பார். முதல் பந்து கட்டாயம் காலடியில் விழும். மெதுவான பந்துக்கும் கை அதே வேகத்தில்தான் வரும். பந்து மட்டும் வழியில் ஒரு ஸ்டாப்பில் நின்று யாரையோ ஏற்றிக்கொண்டு வருவதுபோல் தாமதமாக வந்து சேரும். அதற்குள் மட்டை சுழன்று முடிந்திருக்கும். எல்லாம் மணிக்கட்டில் இருக்கிறது என்று கதிர்வேல் கண்டுபிடித்தான். அந்த மணிக்கட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் அவனே கண்டுபிடித்தான். அங்கேதான் தப்பு நடந்தது.

நாள் முழுக்க ஸ்டீம் அயர்ன் பாக்ஸைத் தள்ளுகிற கை அது. அப்படியானால் அயர்ன் டேபிளில் நின்றால் போதும். கதிர்வேல் அப்போது செக்கிங்கில் இருந்தான். டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பனியனில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. ஃபேன் உண்டு. தானாகவே மேனேஜரிடம் போய் அயர்னிங்குக்கு மாற்றிக் கேட்டான். மேனேஜர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏந்தம்பி, காத்தாட உக்காந்திருக்கறது புடிக்கலீங்களா?"

"இல்லீங்க. கைக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"எந்த டாக்டருங்க அது?"

அயர்னிங் இருந்தது ரோட்டுக்கு எதிர்ப்புறக் கட்டடத்தில். முதல் இரண்டு நாளில் முன்கையில் இரண்டு கொப்புளம். ஜெபக்குமார் ஊருக்குப் போயிருந்தார், விளாத்திகுளம் பக்கம், மச்சினன் வீட்டுக் கல்யாணம். மூன்றாம் நாள் வந்தார். எதிர் டேபிளில் நின்றார். டி-ஷர்ட்டை விரித்தார். இடது கையால் அயர்ன் பாக்ஸைத் தூக்கினார்.

கதிர்வேல் பார்த்துக்கொண்டே நின்றான். ஒன்று முடிந்தது, இரண்டு, பத்து. அவர் கை மாறவே இல்லை. வலது கை துணியின் ஓரத்தைத் தொட்டு நீவுவதோடு சரி.

"அண்ணா, நீங்க லெஃப்ட் ஹேண்டுங்களா?"

"வலதுதான். பழகிக்கிட்டேன்."

"அப்ப அந்தக் கை?"

"அது வாரத்துல ஒருநாள் வேலைக்காரன் தம்பி. மத்த நாள் லீவு." பக்கத்து டேபிள்காரர்கள் சிரித்தார்கள். "நீ என்னடே, இந்தச் சூட்டுல வந்து நிக்க? செக்கிங்ல நல்லாத்தான இருந்த?"

அதற்குள் செக்கிங்கில் அவன் இடத்துக்கு வெள்ளகோவிலிலிருந்து ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அயர்னிங்கிலேயே நின்றான், வலது கையால் தள்ளிக்கொண்டு. ஞாயிறு காலையில் தோள் கனத்தது. முன்பு இரண்டு ஓவரில் ஏழு கொடுத்தவன் இப்போது பத்துக் கொடுத்தான்.

ஆனால் மணிக்கட்டும் ஸ்டேட்டஸும் வெளியில் சொல்லத்தக்க பொறாமைகள். சொல்ல முடியாத ஒன்று இருந்தது. போன தைப்பொங்கலுக்கு வெள்ளகோவில் பக்கம் ஒரு போட்டி. உள்ளூர் அணி ஒன்று ஜெபக்குமாரைக் கடைசி ஓவருக்கென்றே கூப்பிட்டிருந்தது. அப்படி நிறையப் பேர் கூப்பிடுவார்கள். ஒருமுறை சம்பளத்துக்குப் பதில் சேவல் வாங்கிக்கொண்டு, அதற்கு அரை டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரோடு வாதாடியபடியே பல்லடம் வரை வந்திருக்கிறார். அன்றைக்குத் துணைக்குப் போயிருந்தான் கதிர்வேல். கடைசிப் பந்தில் மூன்று ரன் தேவை. ஆட்டக்காரன் தூக்கி அடித்தான். பந்து கிளுவை வேலியைத் தாண்டிப் போனது. கூப்பிட்டவர்களே திட்டினார்கள். "இதுக்கா திருப்பூர்ல இருந்து கூட்டியாந்தோம்?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். ஜெபக்குமார் தலையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் உட்கார்ந்து பரோட்டா சொன்னார்.

கதிர்வேலுக்குத்தான் இறங்கவில்லை. "எப்படிங்ண்ணா சாப்பிடறீங்க?"

"நீ பசியா இருக்கல்லா?"

"இல்ல, அந்தப் பந்து..."

"அது முடிஞ்சிட்டுல்லா. நான் அழுதா வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்து திரும்பி வருமா? சால்னாவ ஊத்தச் சொல்லு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, காங்கயம் வருவதற்குள் தூங்கிப்போனார். கதிர்வேல் அந்தத் தூங்கும் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஒரு ஃபோர் போனால் புதன்கிழமை வரை சோறு ருசிக்காது. அந்த மனிதர் வாய் திறந்து குறட்டை விட்டார். மணிக்கட்டைப் பழகிக்கொள்ளலாம், பந்தைப் பழகிக்கொள்ளலாம். இதை எந்த டேபிளில் நின்று பழகுவது?

முதன்முதலில் கடைசி ஓவர் தன்னிடம் எப்படி வந்தது என்பதை ஜெபக்குமார் ஒரு டீ நேரத்தில் சொன்னார். வந்த புதிதில் கைமடி வேலை, தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற எடுபிடி. ஒரு ஆட்டத்தில் கடைசி ஓவருக்கு ஆள் தேடியபோது ஒருவருக்குக் கால் பிடித்துக்கொண்டது, ஒருவருக்கு இடுப்பு வலித்தது, இன்னொருவர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. "எவனும் வாங்க மாட்டேங்கான். நான் போடுதேன்னு வாங்கிட்டேன். வேண்டாம்னு எல்லாவனும் விட்ட பொருள் தம்பி இது. நான் யார்ட்டயும் பறிக்கல." கதிர்வேலைப் பார்த்துச் சொன்னாரா, டீயைப் பார்த்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

இந்த வருடம் அரையிறுதியில் அவரை இரண்டு சிக்ஸர் அடித்தார்கள். ஒரு ரன்னில் அணி தப்பியது. இறுதி ஆட்டம் குண்டடம் ரோட்டோரம், எப்போதும் ஆடுகிற அதே கொறங்காட்டில், வெள்ளாமை இல்லாத மேய்ச்சல் நிலத்தில். முந்தின நாள் சனிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில், கதிர்வேல் கட்டிங் செக்ஷனுக்குப் போனான். கட்டிங் மாஸ்டர் ஆறுமுகசாமிதான் அணிக் கேப்டன். கதிர்வேல் வாழ்க்கையில் வாய்விட்டுக் கேட்ட விஷயங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

"அண்ணா, நாளைக்குக் கடைசி ஓவரு நானு போடட்டுங்களா?"

ஆறுமுகசாமி டிபன் மூடியிலிருந்து நிமிர்ந்தார். "ஏங்கண்ணு, ஜெபா இருக்கறப்ப உனக்கெதுக்கு அந்த வம்பு?"

"ஒரே ஒருவாட்டிங்க."

"தோத்தா உன்ர பேருதான் வரும். தெரியுமில்ல?"

"வரட்டுங்க."

"பாக்கலாம் போ. சோத்தத் தின்னு மொதல்ல."

மறுநாள் கதிர்வேல் முதல் ஓவரை வீசியதும் ஆறுமுகசாமி அவனை நிறுத்திவிட்டார். மூன்றாவது ஓவர் வேறொருவருக்குப் போனது. ஏழு ஓவர் முடிந்தபோது எதிரணிக்கு ஆறு பந்தில் ஒன்பது தேவை. வழக்கம்போல் வெள்வேல மரத்தடியிலிருந்து ஜெபக்குமார் நடந்து வந்தார், பாண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வாயைத் திறந்து அந்தக் கேள்வியைக் கேட்கப் போனார்.

"ஜெபா," என்றார் ஆறுமுகசாமி, அவர் முகத்தைப் பார்க்காமல். "இன்னைக்குத் தம்பி போடட்டுங்க."

ஜெபக்குமார் நின்றார். கதிர்வேல் அந்த முகத்தைத் துழாவினான். கோபமில்லை, வருத்தமில்லை. இரண்டு வருடமாகத் தன் நெஞ்சில் கனன்றதில் ஒரு பொறியாவது அங்கே தெரிகிறதா என்று பார்த்தான். ஒன்றுமில்லை. அதற்கும் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி," என்றார் ஜெபக்குமார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "நான் எங்க நிக்கணும்?"

பதினேழு வருடத்தில் கடைசி ஓவரில் அவருக்கென்று ஓர் இடம் இருந்ததே இல்லை. ஆறுமுகசாமி லாங் ஆனைக் காட்டினார். தூக்கி அடிக்கிற பந்துகள் விழுகிற திசை. அவர் எல்லைக்கோட்டுக்குச் சில எட்டு முன்னால் போய், ஆட்டத்துக்கு முகம் காட்டி, முழங்காலில் கைவைத்துக் குனிந்து நின்றார்.

கதிர்வேலுக்குப் பந்து கையில் வழுக்கியது. முதல் பந்துக்கு ஒன்று. அடுத்ததற்கு இரண்டு. மூன்றாவது காலடியில் விழுந்தது, ரன் இல்லை. பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கடைசிப் பந்தில் நான்கு வேண்டும். எல்லாச் செல்போனும் எழுந்து நின்றன. அவன் மெதுவான பந்தை வீசினான். அது நினைத்த அளவுக்குத் தாமதிக்கவில்லை. மட்டையில் பட்ட சத்தமே சொல்லிவிட்டது. பந்து லாங் ஆனுக்கு மேலே ஏறியது.

ஜெபக்குமார் பின்னால் மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டு வைத்தால் கோட்டுக்கு வெளியே. அங்கேயே குதித்து, ஒற்றை வலது கையில் பிடித்து, விழுந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே கிடந்தார்.

அணி முழுவதும் லாங் ஆனை நோக்கி ஓடியது. செல்போன்களும் ஓடின. யாரோ அவரைத் தோளில் தூக்கினார்கள். ஆடுகளத்தின் நடுவில் ஸ்டம்புகளோடு கதிர்வேல் மட்டும் நின்றான். பிறகு மெல்ல நடந்து போனான். அதற்குள் அவரை இறக்கிவிட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் செம்மண்.

"அண்ணா," என்று கையை நீட்டினான். "பந்து."

ஜெபக்குமார் அவனைப் பார்த்தார்.

"நல்லாப் போட்ட தம்பி," என்று மற்றக் கையால் அவன் தோளைத் தட்டினார். பந்து இருந்த கை பாண்ட் பைக்குள் போனது. போன கை வெளியே வரவில்லை.