வேன் செட்டில் கெட்டிமேளம்

மாமாவின் வேனில் இருக்கும் பாட்டு செட்டைத் தொட்டுவிட்டு நான் கை கழுவாமல் சாப்பிட்டதில்லை. வெற்றிலைச் சாறு, சாம்பிராணிப் புகை, வடை எண்ணெய் எல்லாம் படிந்து அதன் பட்டன்களைச் சுற்றி ஒரு கறுப்புப் பசை. சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருகினால் விரல் ஒட்டிக்கொண்டுதான் பிரியும். ஒரு தடவை பென் டிரைவ் செருகும் ஓட்டைக்குள் செத்த கரப்பான் குஞ்சு கிடந்தது. மாமா அதை ஊதித் தள்ளிவிட்டு, அது கெடக்குது, சவுண்ட மட்டும் கேளு என்றார். சவுண்டு அதைவிட அசிங்கம். கடைசி சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய பேஸ் பெட்டி வைத்திருக்கிறார். எந்தப் பாட்டைப் போட்டாலும் பாடுகிறவர் தொண்டை கேட்காது, நம்முடைய வயிறுதான் கேட்கும்.

அந்த செட்டில்தான் என் அக்காவின் தாலிக்குக் கெட்டிமேளம் போடுவதென்று முடிவானது.

வேறு வழியில்லை என்றார்கள். நிவித்திகலப் பக்கத்தில் இருக்கிற ஒரே மேளக் குழுவும் அதே முகூர்த்தத்துக்கு இரத்தினபுரி டவுனுக்குப் போகிறதாம். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலின் ஆம்ப்ளிஃபயர் போன மழையில் இடி விழுந்து கருகிப்போய்க் கிடந்தது. மாமா அம்மாவின் தம்பி, வாடகைக்கு ஹயர் வேன் ஓட்டுகிறவர். "நம்ம செட்டு இருக்கையில என்னாத்துக்குக் கவல" என்று நெஞ்சைத் தட்டினார். கம்பியூட்டர் படிச்ச பொம்பளப் பிள்ள நீ இருக்க, இன்டர்நெட்டுல மேளத்த எறக்கி ஏத்திக் குடு என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் உள்ளூர ஆசைதான். செய்து காட்டுகிறேன் என்றேன்.

பயம் மாப்பிள்ளையின் அம்மாவை நினைத்துத்தான். அவர்கள் கொடகவெலப் பக்கத்துத் தோட்டம். பல்லி கத்தியது என்பதற்காக ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். நிச்சயத்தன்றே, மேளம் உண்டுதானே என்று இரண்டு தரம் கேட்டார். அக்கா வாழப்போவது அந்த அம்மாவோடு தோட்டத்து வரிசைவீட்டில், ஒரே லயக் காம்பராவில். முகூர்த்தத்தில் ஒரு குறை கண்டுவிட்டால் அதைப் பேரப்பிள்ளை காலம்வரை சொல்லிக்காட்டுவார். அக்காவும் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அந்த நேரத்தில் மட்டும் மேளம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள் என்று.

தவில் தோலில் விரல் படுவதுகூடக் கேட்கும் நல்ல பதிவொன்றைத் தேடிப் பிடித்தேன். பெரிய ஃபைல். வேனில் போட்டால், ஃபைலே இல்லை என்றது செட். அது எம்.பி.த்ரீயைத் தவிர வேறொன்றையும் தின்னாது. டவுனில் ஃபோன், கம்பியூட்டர் வேலை செய்கிற கொமினிகேஷன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஏதோ ஒரு வெப்சைட்டில் போட்டு மாற்றித் தந்தார். வீட்டுக்கு வந்து கேட்டால், நாதஸ்வரத்தின் நடுவே ஒரு பெண் குழைந்த இங்கிலீஷில் அந்த வெப்சைட்டின் பெயரைச் சொல்கிறாள். இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் சொல்கிறாள். தாலி கட்டுகிற நேரத்தில் விளம்பரம். ஃபோனில் ஒரு ஆப்பைப் போட்டேன். இலவசத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான் மாற்றுமாம், மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டது. கடைசியில் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு தண்ணித் தொட்டிக்கு மேலே இருக்கும் பாறைக்கு ஏறினேன். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். நல்ல மென்பொருளை இறக்கி, முன்னால் இருந்த மௌனத்தை வெட்டி, அமுக்கின கணமே மேளம் விழுகிற மாதிரி செய்தேன். பென் டிரைவையும் இந்தச் செட்டுக்குப் புரிகிற பழைய முறையில் ஃபோர்மட் பண்ணினேன். இவ்வளவும் செய்து வேனில் போட்டால், அந்த அருமையான தவில் காலி பெயின்ட் டின்னைத் தட்டுகிற மாதிரி கேட்டது. மாமா கண்ணை மூடித் தலையாட்டினார். ஆகா, நேர்ல கேக்குற மாதிரியே இருக்கு என்றார். எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

கல்யாணத்தன்று வேனைப் பின்னால் எடுத்து, பேஸ் பெட்டி கோயில் வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்திப் பின்கதவைத் தூக்கிவிட்டார்கள். நான் டிரைவர் சீட்டில், பட்டன்மேல் விரலோடு. மாமா துண்டை ஆட்டிச் சைகை காட்டுவதற்காக வாசலில். ஃபோனை ஓஃப் பண்ணுங்க மாமா என்று நான் முதலிலேயே சொல்லியிருந்தேன். குருவிட்டயில் இருக்கிற கூட்டாளி ஒரு ஹயர் பற்றி எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான், சைலன்ட்டில் போட்டிருக்கிறேன், பயப்படாதே என்றார்.

ஐயர் கெட்டிமேளம் என்று கத்தினார். துண்டு ஆடியது. அமுக்கினேன். விழுந்தது மேளம். பெயின்ட் டின்னோ என்னவோ, கோயில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டார். மற்ற இரண்டையும் போடுவதற்கு அவருடைய அக்கா குனிந்தார்.

டுக் என்று மேளம் நின்றது. செட்டின் முகத்தில் ஒரு ஃபோன் நம்பர் ஓடியது. மாமாவின் ஃபோன் சைலன்ட்டில் இருந்தது உண்மை. ஆனால் புளூடூத்தில் அந்த ஃபோனோடு ஒட்டிக்கொண்டிருந்த செட்டுக்கு அது தெரியாதே. வருகிற ஃபோன் கோலைத் தானே எடுத்துவிடுகிற செட் அது. பேஸ் பெட்டியிலிருந்து ஒரு கரகரத்த குரல் கோயில் முழுக்கக் கேட்டது:

"மச்சங், ஹவஸ மளகெதர யன்ன வேன் எக்க கன்ன புளுவன்த? ஹதரட்ட மினிய கன்னவா."

சாயந்தரம் சாவு வீட்டுக்குப் போக வேன் வேண்டும், நாலு மணிக்குப் பிணம் எடுக்கிறார்கள். தமிழர் கூடிய நுவரெலியாப் பக்கமென்றால் பாதிப் பேருக்காவது புரியாமல் போயிருக்கும். இங்கே பேச்சு வராத குழந்தைக்கும் சிங்களம் புரியும். கெட்டிமேளம் அடிப்பதே அந்த நேரத்தில் அபசகுனமாக ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாதென்றுதான். நாங்கள் பிணத்தையே கூட்டிவந்து காதில் போட்டோம்.

நான் பட்டனை அமுக்கினேன், பசையில் சிக்கி அது மேலே வரவில்லை. சாவியைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகு வந்த அமைதி இன்னும் கேவலமாக இருந்தது. மாப்பிள்ளையின் அக்கா மஞ்சள் கயிற்றின் இரண்டு நுனிகளையும் பிடித்தபடி தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எங்கேயும் பார்க்கவில்லை.

அக்கா குனிந்த தலையை நிமிர்த்தாமலே சொன்னாள், வேன்வரை கேட்டது. "மத்த ரெண்டையும் போடுங்க அண்ணி. கழுத்து வலிக்குது."

போட்டார்கள். மேளமில்லாமல்.

பிறகு பந்தியில் நான் கேட்ட பேச்சுக்களை நினைத்தால் இன்றைக்கும் வாய் கசக்கிறது. பரிகாரம் செய்யவேண்டும் என்றார் ஒருவர், சாம்பாரைப் பிசைந்துகொண்டே. இன்டர்நெட்டில் எடுத்த மேளம், வேறென்ன நடக்கும் என்றார் இன்னொருவர். இதுக்குத்தான் படிக்க வச்சாங்களாக்கும் என்று எனக்குக் கேட்கட்டும் என்றே ஒரு குரல். அனுதாபத்தோடு பேசியபடி எல்லோரும் இரண்டாம் தரம் பாயாசம் வாங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் இலையைத் தொடவில்லை. அக்காவின் முகத்தை ஒரு தரம்கூடப் பார்க்கவும் இல்லை.

சாப்பாடு முடிந்து அதே வேனில் பெண்ணழைத்துப் போனோம். மாமா ஃபோனைக் கழற்றி பேட்டரி வேறாக வைத்துவிட்டுத்தான் ஓட்டினார். முன்சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா. பின்னால் மணமக்களும் நானும் இன்னும் சிலரும். செட் அணைந்திருந்தது. மாலைகள் வாடி நாறத் தொடங்கியிருந்தன.

நிவித்திகல டவுனைத் தாண்டியபிறகு ரோட்டின் இருபுறமும் சாவு வீட்டு வெள்ளைக் கொடிகள். வளைவில் திரும்பினால், சவப்பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு எங்களுக்கு எதிரே வருகிறார்கள். மாமா வேனை ஓரத்தில் நிறுத்தினார். முடிந்தது கதை என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள், வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் கூப்பினார். பெட்டி வேனைத் தாண்டும்வரை அசையவில்லை. பிறகு முழுசாகத் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக அக்காவைப் பார்த்தார்.

"பொணம் எதுக்க வருது. இதவிட நல்ல சகுனம் ஏது?" மாமா பக்கம் திரும்பி, "காலையில ஃபோன்ல சொன்னதும் இந்தப் பொணந்தானே தம்பி?" என்றார்.

"ஆமாங்க, இதே வீடுதான்" என்றார் மாமா, கண் இமைக்காமல்.

அந்த ஃபோன் குருவிட்டயிலிருந்து வந்தது. நாங்கள் போகிற வழிக்கு எதிர்த் திசை. அது மாமாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

அப்போ முகூர்த்தத்துலயே நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிட்ட மாதிரி என்று அந்த அம்மா மகனிடம் விளக்கினார். வேனுக்குள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பந்தியில் பரிகாரம் கேட்டவரும் சொன்னார். வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு வடையைப் பிட்டு அக்காவின் கையில் வைத்தார் அந்த அம்மா. பெட்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த கடைசிப் பெண் அழுதபடி எங்கள் கண்ணாடியைக் கடந்து போனாள். முன்பின் தெரியாத இரண்டு வீட்டுச் சாவை ஒட்டுப்போட்டு எங்கள் கல்யாணக் கிழிசலைத் தைத்துக்கொண்டோம்.

அக்கா வடையைத் தின்றாள். பசித்திருப்பாள், காலையிலிருந்து ஒன்றுமில்லை.

வெள்ளைக் கொடிகள் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா, "இப்பப் போடு பிள்ள அந்த மேளத்த" என்றார். நான் முன்சீட்டுக்கு இடையில் எட்டி, அந்தப் பட்டனை அமுக்கினேன். கொடகவெலவரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் அடித்தது. விரலைச் சேலையில் துடைத்தேன், பசை போகவில்லை.