தக்கலை மேட்டில் நின்ற கார்

காலை 7.10. எங்கள் வீட்டில் இருந்து புறப்பட்டோம். ஆதிகேசவப் பெருமாள் கோவில் இருக்கிற திருவட்டாற்றுக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர். போக வேண்டிய இடம் அஞ்சுகிராமம். மாவட்டத்தின் மேற்கில் இருந்து கிழக்குக் கோடிக்கு ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். காரில் ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். நானும் என் மனைவி லில்லிபாயும் மட்டும். பின் சீட்டில் இரண்டு மட்டி வாழைக்குலை. மீட்டர் 4,310 காட்டியது.

அன்று அவள் தங்கச்சி மகள் ஷைனிக்குக் கல்யாணம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஷைனி ஐந்து வயதில் இருந்து பதினொன்று வரை எங்கள் வீட்டில் வளர்ந்தாள். அவள் அம்மா அப்போது குவைத்தில் நர்ஸ். பத்தரைக்குச் சர்ச்சில் ஆராதனை. அதற்கு முன் ஒன்பதரைக்குப் பெண் வீட்டில் ஜெபம். ஜெபம் முடிந்ததும் பெண்ணின் தலையில் நெட்டு வைப்பார்கள். வெள்ளை வலைத்துணி, முதுகுவரை தொங்கும். அதை வைக்கிறவள் பெண்ணுக்கு வேண்டப்பட்டவளாக இருக்க வேண்டும். "பெரியம்மைதான் வைக்கணும்" என்று ஷைனி மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டாள். லில்லிபாய் அதற்கென்று நாகர்கோவில் போய் முத்து வைத்த ஊசி பன்னிரண்டு வாங்கினாள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லில்லிபாய்க்குக் கால் முட்டு தேய்ந்துவிட்டது. பஸ் படி ஏற முடியாது. அதற்காகத்தான் இரண்டு வருஷம் முன்பு வாங்கினேன். புதுக் கார். எனக்கு இருநூற்று நாற்பது ரப்பர் மரம் உண்டு. நானே பால் வெட்டுகிறேன். ஷீட் அடித்து, புகைப்புரைக் கொட்டிலில் உலர்த்தி விற்கிறேன். அந்தக் காசு.

ஆறு மாதத்தில் எஞ்சின் கோளாறு தொடங்கியது. ஏற்றத்தில் இழுக்காது. குலுங்கும். நின்று கிடக்கும்போது தானே அணையும். கம்பெனி சர்வீஸ் நாகர்கோவிலில். கொண்டு போனேன். ஏதோ மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழையபடி. அதன் பின் நாலு தடவை போனேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்ப்பார்கள். வெளியே கொண்டுபோய் ஓட்டுவார்கள். அவர்கள் ஓட்டுவது சமமான ரோட்டில். என் குறை ஏற்றத்தில். "ஒரு கோளாறும் இல்லியே அண்ணாச்சி" என்பார்கள். நாலு தடவையும் குறை எழுதுகிற தாளில் என் கையால் எழுதினேன். நாலாவது தடவை, கெட்ட எஞ்சினை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று எழுதினேன். அங்கே இருந்த பெண் படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குள் கிடந்தது.

7.30. வேர்க்கிளம்பி. முந்தின நாள் பெய்த மழையில் ரோடு நனைந்து கிடந்தது. இரண்டு பக்கமும் ரப்பர். இந்தப் பக்கம் வராதவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே சமமான ரோடு கிடையாது. ஏறும், இறங்கும். கார் முனகியது. இரண்டாம் கியரில் ஏற்றினேன்.

"இன்னைக்கு மட்டும் போயிரட்டு," என்றாள் லில்லிபாய். காரிடம் சொன்னாளா கடவுளிடம் சொன்னாளா தெரியவில்லை.

7.50. அழகியமண்டபம் தாண்டித் தக்கலை. மேட்டுக்கடை ஏற்றத்தில் கார் நின்றது. மீட்டர் 4,327. பதினேழு கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். பின்னால் ஹாரன் அடித்தார்கள். இரண்டு பேர் தள்ளி ஓரம் கட்டினார்கள். திரும்பத் திரும்பச் சாவி போட்டேன். பிடித்தது, அணைந்தது.

எதிரே டீக்கடை. அதன் முன்னால் ஒரு ஆட்டோ. ஓட்டுகிறவர் ஐம்பது வயதுக்காரர். எழுந்து வந்து பார்த்தார்.

"எங்க போணும்?"

"அஞ்சுகிராமம். கலியாணம்."

"தொள்ளாயிரம் தாருங்க. ஒம்பதே காலுக்கு வாசல்ல எறக்கி விடுதேன்."

லில்லிபாய் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள். "வாருங்க, ஆட்டோவுல போவோம். காரு இஞ்ச கெடக்கட்டு. வரும்பம் பாக்கலாம்."

நான் போனை எடுத்துக் கம்பெனிக்குப் பேசினேன். ஆளை அனுப்புகிறோம், அரை மணி நேரம் என்றார்கள். போனை வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அரை மணிக்கூறுதான். அவன் வந்து பாக்கட்டு. நான் கொண்டு போனா ஓடும். இப்பம் நிக்குவு. இப்பம் வந்து கண்ணால பாக்கட்டு."

"அத நாளைக்குக் காட்டப்பிடாதா?"

"நாளைக்கு ஓடும்."

ஆட்டோக்காரர் என்னைப் பார்த்தார். "அண்ணே, ஒமக்கு என்ன வேணும்? காரா, கலியாணமா?"

"ரெண்டும்," என்றேன்.

"அப்பம் ஒண்ணும் கிட்டாது," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

லில்லிபாய் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்தினாள்.

காசுக்காக அல்ல. அதை எழுதிவிடுகிறேன். தொள்ளாயிரம் என் சட்டைப் பையில் இருந்தது. நான் சொன்னது உண்மை என்று ஒருத்தன் வந்து சொல்ல வேண்டும். அதற்காக நின்றேன்.

8.30. ஆள் வரவில்லை. டீ பன்னிரண்டு ரூபாய். ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கி டேஷ்போர்டில் வைத்தாள். குடிக்கவில்லை. ஆட்டோவுக்கு வேறு சவாரி வந்தது, போய்விட்டார். நாகர்கோவில் பஸ்கள் வரிசையாகப் போயின. அவளால் ஏற முடியாத பஸ்கள்.

8.50. தங்கச்சி போன் செய்தாள். "வந்துட்டிருக்கோம்," என்றாள் லில்லிபாய். 9.05, திரும்பவும். 9.15, திரும்பவும். மூன்றாவது தடவை போனைக் காதில் வைத்துக்கொண்டு மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "நெட்ட நீங்க வச்சிருங்க. எனக்காக நிக்காண்டாம்."

9.25. கம்பெனி ஆள் பைக்கில் வந்தார். பெயர் ராஜன். நாற்பது வயதிருக்கும். வில்லுக்குறியில் ஒரு லாரி மறிந்து ரோட்டை அடைத்துக் கிடந்ததாகச் சொன்னார். நான் கோபத்தை எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் பானெட்டைத் திறந்தார். கறுப்புப் பெட்டி ஒன்றின் கிளிப்பைக் கழற்றி, உள்ளே இருந்து பில்டரை எடுத்தார். எஞ்சின் மூச்சு விடுகிற இடம் அதுதான். வெள்ளையாக இருக்க வேண்டியது. தார் பூசியதுபோல் இருந்தது.

"அண்ணே, வண்டிய எங்க போடுவிய?"

"வீட்டுல."

"வீட்டுல எங்க?"

"புகைப்புரைய ஒட்டி ஒரு சாய்ப்பு உண்டு. அதுல. வெயிலு மழை படாதுல்லா."

"தெனமும் ஓட்டுவியளா?"

"இல்ல. காலத்த அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் பண்ணிப் போடுவேன். இருவது நிமிசம். ஒங்க ஆளுதான் சொன்னாரு, சும்மா போட்டா கெட்டுப் போவும்னு."

"அந்நேரம் புரையில தீ உண்டுமா?"

"அப்பம்தானே மூட்டுவேன். மூட்டிட்டு வந்து கார ஸ்டார்ட் பண்ணிட்டு வெட்டுக்குப் போவேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். கேலி இல்லை, தாங்க முடியாமல் வந்த சிரிப்பு.

"ரெண்டு வருசமா எஞ்சினையும் ஷீட்டு மாதிரி புகையில போட்டிருக்கிய. நல்ல ஒண்ணாந்தரம் ஆயிருக்கு."

பில்டரைக் கையில் வாங்கினேன். விரலில் ஒட்டியது. மோந்து பார்த்தேன். பச்சை விறகும் தேங்காய்த் தொண்டும் எரிகிற எங்கள் புரையின் மணம். அது என் சட்டையில் உண்டு, தலைமுடியில் உண்டு. அதனால் எனக்குத் தெரியவில்லை. முதல் தடவை சர்வீசில் மாற்றியதும் இதைத்தான் என்று ராஜன் சொன்னார். அன்றும் அது ஏன் கறுத்தது என்று யாரும் கேட்கவில்லை, பிறகு யாரும் திறந்து பார்க்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. கெட்டுவிடக் கூடாது என்று நான் செய்ததுதான் கெடுத்திருக்கிறது.

அவர் புதுப் பில்டர் வைத்தார். நானூற்று இருபது ரூபாய். உள்ளே காற்றுப் போகும் வாயில் அட்டையாகப் பிடித்திருந்த கறையை மருந்து அடித்துத் துடைத்தார். சாவி போட்டேன். ஒரே தடவையில் பிடித்தது. தாளை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'புகை' என்று எழுதியிருந்தார். கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது தாள்.

லில்லிபாய் எல்லாவற்றையும் உள்ளே இருந்து கேட்டாள்.

9.50. புறப்பட்டோம். வில்லுக்குறி, பார்வதிபுரம், நாகர்கோவில், சுசீந்திரம், மயிலாடி. இந்த ஊர்களில் பார்க்க எத்தனையோ உண்டு. நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். மயிலாடி தாண்டியதும் ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. வெளிச்சம் அதிகம். காற்றாலைகள் சுற்றிக்கொண்டு நின்றன.

10.55. அஞ்சுகிராமம். மீட்டர் 4,362. சர்ச்சில் ஞானப்பாட்டு கேட்டது. கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. முன்னால் ஷைனியின் முதுகு தெரிந்தது. நெட்டு நேராக இருந்தது. அடுத்த வீட்டு டீச்சர் வைத்தார் என்று பிறகு சொன்னார்கள். லில்லிபாய் எழும்போதெல்லாம் பெஞ்சைப் பிடித்து எழுந்தாள். டப்பா கையில் இருந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் ஷைனி அவளைக் கட்டிப் பிடித்தாள்.

"பெரியம்மை, பத்து மணி வரைக்கும் நான் ஒருத்தரையும் நெட்டு வைக்க விடல்ல. பாஸ்டர் ஆளு விட்டாரு. அதுக்கு மேல முடியல்ல."

"காரு நின்னுட்டு மக்களே," என்றாள் லில்லிபாய். "என்ன செய்ய."

ஆட்டோவைப் பற்றிச் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைப் பார்க்கவும் இல்லை. ஷைனி என்னைப் பார்த்து, "பெரியப்பா, அந்தக் கம்பெனிக்காரன விடாதீங்க," என்றாள். நான் தலையை ஆட்டினேன். சாப்பாட்டில் பாலடைப் பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

மாலை 3.30. வட்டக்கோட்டை. அஞ்சுகிராமத்தில் இருந்து பக்கம்தான். லில்லிபாய் வருஷக் கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கருங்கல் கோட்டை, மதில் அடியில் கடல். மேலே போகப் படி தேவையில்லை, சரிவாகக் கல் பாவியிருக்கிறது. முட்டு வலி உள்ளவர்கள் பைய ஏறலாம். ஏறினாள். கடலைப் பார்த்து மதிலில் கை ஊன்றி நின்றாள். காற்று சேலையைப் பிடித்து இழுத்தது.

"இஞ்ச காத்து நல்லா இருக்கு," என்றாள்.

நான் சொன்னேன். "ஆட்டோவுல போயிருக்கணும்."

"அதத்தானே நான் சொன்னேன்," என்றாள். சத்தம் கூட்டவில்லை. திரும்பவும் இல்லை.

அதற்கு மேல் நாங்கள் அதைப் பேசவில்லை. அன்றும் சரி, பிறகும் சரி.

4.30. திரும்பினோம். கார் வாங்கிய அன்று ஓடியதுபோல் ஓடியது. குலுங்கவில்லை, அணையவில்லை. தக்கலை மேட்டுக்கடையில் மூன்றாம் கியரில் ஏறியது. காலையில் நின்ற இடத்தைத் தாண்டும்போது அந்த ஆட்டோக்காரர் டீக்கடை முன்னால் நின்றார். எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் ஹாரன் அடிக்கவில்லை. 6.05க்கு வீட்டில் இருந்தோம். ஒரு மணி முப்பத்தைந்து நிமிஷம். ஐம்பத்திரண்டு கிலோமீட்டருக்கு அவ்வளவுதான் வேண்டும் என்பது எனக்கு முன்பும் தெரியும்.

இப்போது காரை ரோட்டோரம் வெளியே போடுகிறேன். பெயிண்ட் மங்கத் தொடங்கிவிட்டது. மங்கட்டும். ஷைனி துபாய் போய்விட்டாள். மாதம் ஒரு தடவை லில்லிபாயை முட்டு வைத்தியத்துக்கு நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போகிறேன். அவள் அந்த டப்பாவை டேஷ்போர்டு அறையில் வைத்தவள் எடுக்கவே இல்லை. நானும் எடுக்கவில்லை. எஞ்சினில் இப்போது ஒரு சத்தமும் கிடையாது. ரோடு மோசமான இடங்களில் அந்தப் பன்னிரண்டு ஊசியும் குலுங்குவது கேட்கிறது.