வாசல் கம்பத்து விளக்கு

மேலகரத்தில் உச்சிமாகாளியின் வீட்டு வாசலில் இரும்புக் குழாய்க் கம்பம் நட்டு விளக்கு எரிந்த அன்றைக்கு, குற்றாலத்துக்குக் குளிக்கப் போன வண்டிக்காரர்கள்கூட மாட்டை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். யுத்தம் முடிந்து போன ஐப்பசியில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர் அவர். அங்கே லாரிகளுக்கும் கூடாரங்களுக்கும் ஒயர் இழுத்தே ஐந்து வருஷம் போனது. ஊருக்கு வந்தால் இங்கேயும் கரண்ட் வந்து அவருக்காகக் காத்திருந்தது. நாலே மாதத்தில் இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் அதே மாதிரி வாசல் விளக்கு வேண்டும் என்று கேட்டுப் போட்டுக்கொண்டார்கள். தெருவில் யாராவது அவர் வேலையைப் புகழ்ந்தால் முகத்தில் சிரிப்பைக் காட்டமாட்டார். காது மட்டும் அந்தப் பக்கமாகத்தான் இருக்கும்.

அவர் மனைவி வள்ளித்தாய்க்கு அப்போது ஏழாம் மாதம். முதல் பிள்ளை, அவர் பட்டாளத்தில் இருந்தபோது ஆறாம் மாதத்திலேயே போய்விட்டது. அந்தச் செய்தி கடிதமாக அவரிடம் வந்து சேர இரண்டு மாதம் ஆனது. இதாவது தங்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை. அவள் தும்மினால்கூட அவர் எழுந்து வந்து பார்ப்பார்.

ஆனியில் சாரல் இறங்கிய மூன்றாம் நாள், கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு வள்ளித்தாய் சொன்னாள்.

"வாசக் கம்பத்துல என்னமோ இருக்கு. கோலம் போட்டுட்டு எந்திரிக்கயில புடிச்சேன். சுள்ளுன்னு கைய இழுக்குது."

உச்சிமாகாளி கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். சாரல் விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டார், விளக்கு எரிந்தது. விரலைத் திருப்பிப் புறங்கையால் கம்பத்தைத் தொட்டார். ஒன்றும் இல்லை. முழுக் கையாலும் பிடித்தார், அப்போதும் இல்லை. ப்யூஸைக் கழற்றிப் பார்த்தார், அதுவும் ஒழுங்காக இருந்தது.

"ஒண்ணுமில்லட்டி. மாசம் ஏறுதுல்லா, குனிஞ்சு நிமிந்தா நரம்பு இழுக்கத்தான் செய்யும்."

வள்ளித்தாய் மறுநாளும் அதையே சொன்னாள். அவர் பல்பைக் கழற்றி, ஹோல்டரைத் துடைத்து, திரும்பப் பூட்டினார். கம்பத்தைத் தொடாதே என்றதற்கு, "வேற எதப் புடிச்சு நான் எந்திரிக்க?" என்று கேட்டாள். அவர் அக்கா மூக்கம்மாள், கம்பம் நட்ட இடம் சுடலைமாடன் நடமாடும் தடம் என்றும், ஒரு சேவலைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னாள். லாரி பாட்டரியோடு ஐந்து வருஷம் மல்லுக்கட்டிய மனிதர், சேவல் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு இருக்கிறது என்றால் தன் கைக்கு ஏன் தெரியவில்லை? இல்லை என்றால் அவள் ஏன் இடது கையை மடியில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்? இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் சாரல் பிடித்துக்கொண்டது. வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டு உச்சிமாகாளி எழுந்து ஓடினார். கோலத்தை முடித்துவிட்டு, எழுந்திருக்க வள்ளித்தாய் கம்பத்தின் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"தொடாத" என்று சொல்லி அவளைத் தூக்கி நிறுத்திவிட்டு அவரே கம்பத்தைப் பிடித்தார். எதுவும் இல்லை. "பாரு" என்றார்.

வள்ளித்தாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். லாரி டயரை அறுத்துத் தைத்த செருப்பு. பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் அது. கொல்லைக்குப் போனாலும் காலில் கிடக்கும்.

"அதக் கழத்திட்டுப் புடிங்க. நான் வாசல்ல செருப்பப் போட்டுக்கிட்டா கோலம் போடுதேன்?"

டயர் ரப்பர் கரண்டைக் கடத்தாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செருப்பைக் கழற்றி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, புறங்கையால் தொட்டார். தோள்பட்டை வரைக்கும் வெட்டி இழுத்தது. அவர் அந்தக் கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளை அசையுதா?" என்று கேட்டார். திரும்பவும் கேட்டார். வள்ளித்தாய் அவர் கையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் பட்ட பாட்டைப் பட்டாளத்தில் குண்டு விழுந்தபோதுகூடப் பட்டதில்லை. பிறகு உள்ளே ஒரு உதை விழுந்தது. "பாத்தியளா, நல்லாத்தான் கெடக்கு" என்றாள்.

ப்யூஸைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏணி வைத்து ஏறினார். ஒயர் உள்ளே நுழையும் குழாயின் வாய் கத்தி மாதிரி இருந்தது. அரம் போட்டு அதை ராவாமல் விட்டது அவர்தான். காற்றில் ஒயர் உரசி உரசி ரப்பர் கிழிந்து, செம்பு தெரிந்தது. சாரல் தண்ணீர் அதில் இறங்கியதும் கம்பம் முழுக்கக் கரண்ட். அதை மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு எர்த் கம்பி போட்டிருக்க வேண்டும். யுத்தத்தால் செம்புக் கம்பிக்குப் பஞ்சம், வெளிவிளக்குக்குத்தானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதும் அவர்தான். செங்கல் பீடத்தின் மேல் நின்ற கம்பத்தில் கரண்ட், மண்ணுக்குப் போக வழி தேடிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்திருக்கிறது.

ஏணியில் நிற்கும்போதே மற்ற நாலு கம்பமும் நினைவுக்கு வந்தன. அதே குழாய், அதே கை. எல்லா வீட்டிலும் வாசல் தெளிக்கிற நேரம் இது.

விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். முதலில் சுந்தரபாண்டியன் வீடு. நிலபுலன்காரர், செருப்போடு வாசலில் வந்து நின்றார். "நல்லாத்தானய்யா எரியுது, ஒரு கோளாறும் இல்லயே" என்றார். உச்சிமாகாளி முதல் வேலையாகப் ப்யூஸை எடுத்துவிட்டு, "வீட்டுல கேளுங்க அண்ணாச்சி" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் நாலு நாளாகக் கம்பத்தைத் தாண்டுவதாகச் சொன்னாள். சுந்தரபாண்டியன் அப்போதுதான் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த இரண்டு வீட்டிலும் அதே கதை. ஆண்களுக்கு ஒன்றும் தெரியாது, பெண்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

கடைசியில் முகம்மது கனி வீடு. அவர் தென்காசிக் கடைக்குப் போயிருந்தார். கம்பத்தைச் சுற்றி முள்ளு வெட்டிப் போட்டிருந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அவர் மனைவி சைதூன் பீவி பேசினாள்.

"பிள்ளைக கம்பத்தத் தொட்டுருவாகன்னு நாந்தான் முள்ளு போட்டேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டிருக்கலாம்லா" என்றார் உச்சிமாகாளி.

"சொல்லிவிடத்தான் நெனச்சேன். கிணத்தடியில வள்ளித்தாயப் பாத்தேன். அவ சொல்லியே நீங்க நம்பலயாம். கட்டுனவ சொல்லு எடுபடாதப்ப, நான் சொன்னா எடுபடவா போவுது?"

உச்சிமாகாளி ப்யூஸைக் கழற்றினார். முள்ளை விலக்கி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கம்பத்தைப் பிடித்துப் பார்த்தார்.