பதினெட்டாம் நம்பர்

ஓசூரில் அந்தத் தெருவுக்குள் போய் ராமப்பன் பெட்டிக்கடை எங்கே என்று கேட்டால், கடையைக் காட்டுவதற்கு முன்னால் சூசையின் புகழைப் பாடிவிடுவார்கள். கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்வானா, போன ஜென்மத்துப் பந்தமய்யா அது என்பார்கள். இருபத்தெட்டு வருடமாக ராமப்பனை ஆஸ்பத்திரிக்கு, ரேஷன் கடைக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்கு என்று தன் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போகிறவன் சூசைதான். சிப்காட்டில் முதல் ஷிப்டு முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே கடைக்கு வந்து சோடாப் பெட்டிகளை இறக்கி வைப்பான். என்னைக் கட்டிக்கொண்டதற்குப் பதில் ராமப்பண்ணனையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்று அவன் மனைவி லிபியா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். இந்தப் பேச்செல்லாம் காதில் விழும்போது சூசைக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருக்கும். செய்த காரியம் அவனுக்கல்லவா தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கால்பந்து ரசிகர்கள் ஐந்தாறு பேர் அந்தக் கடை முன்னால் கூடுவார்கள். எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, பாதிப் பேருக்குச் சர்க்கரை. சர்க்கரை போடாத டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து வெளியூர் மேட்ச் கதைகளை எடுத்து விடுவார்கள். அந்தக் கதைகளில் பந்து எப்போதாவதுதான் வரும். கல் வரும், சைக்கிள் செயின் வரும், கோல்கீப்பர் முதுகில் வெந்நீரை ஊற்றியது வரும், டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டது வரும். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட ஊர்களுக்குப் போய் ஜெயித்துவிட்டால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் இங்கே வந்தபோது மட்டும் என்ன, ஆரத்தியா எடுத்தார்கள்? இவர்கள் லுங்கி மடிப்பிலும் கல் இருந்தது. அதை மட்டும் வசதியாக மறந்துவிட்டுப் பேசுவார்கள்.

எந்தக் கதையில் ஆரம்பித்தாலும் கடைசியில் தொண்ணூற்று ஏழாம் வருடத்து ஃபைனலுக்கு வந்துதான் முடியும். அதைச் சொல்கிற உரிமை ராமப்பனுக்கு. "இவனக் காணோம்னு தேடத்தான்யா நான் திரும்பிப் போனேன்" என்று சூசையின் தோளில் தட்டி ஆரம்பிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். சூசை டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

நடந்தது இதுதான். ஓசூர் டீமுக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. எல்லாரும் கம்பெனிகளில் வேலை செய்த இளவட்டங்கள். கூட்டத்தைக் கட்டி மேய்த்தவர் கோவிந்தன். அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. மேட்ச் என்றால் கிரானைட் குவாரி லாரி ஒன்றைப் பேசி ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார். ஒருமுறை ஒருத்தனைச் சினிமாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த பிறகு அவர் ஒரு சட்டம் போட்டார். ஏறும்போதே ஆளுக்கொரு நம்பர். திரும்பும்போது ஒவ்வொருத்தனும் தன் நம்பரை வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் வந்த பிறகுதான் கோவிந்தன் கேபின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவார், டிரைவர் வண்டியை எடுப்பான். ஒரு நம்பர் குறைந்தாலும் வண்டி நகராது. எல்லைக்கு அந்தப் பக்கம் அந்த ஃபைனல் நடந்த அன்றைக்கு முப்பத்து நான்கு பேர். சூசை பதினேழு, ராமப்பன் பதினெட்டு.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஓசூர் டீம் கோல் போட்டது. விசில் அடித்தார்களோ இல்லையோ, ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. ஆட்டக்காரர்கள் தங்கள் வேனில் ஏறிப் பறந்துவிட்டார்கள். ரசிகர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நின்ற லாரியைப் பார்த்து ஓடினார்கள். சூசையும் ராமப்பனும் கூட்டத்தில் பிரிந்துபோனார்கள். சூசை முள்வேலிக்குள் புகுந்து குறுக்கே வந்து ஏறிக்கொண்டான். அவன் வேலியில் மாட்டிக்கொண்டானோ என்று ராமப்பன் மைதானத்துக்கே திரும்பிவிட்டான்.

கல் விழத் தொடங்கியதும் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். உள்ளே கும்மிருட்டு, முகத்துக்கு முகம் தெரியவில்லை. கோவிந்தன் எண்ணச் சொன்னார். ஒன்று, இரண்டு என்று ஓடி, பதினேழு என்று சூசை சொன்னான். அதற்குப் பிறகு சத்தம் இல்லை. பதினெட்டு எங்கடா என்று கோவிந்தன் கத்தினார். இரண்டாவது தடவை கத்தினார். சூசை பக்கத்தில் கையால் தடவிப் பார்த்தான், வெறும் பலகைதான் தட்டுப்பட்டது. கல் தார்ப்பாயைக் கிழித்துக்கொண்டு எவன் மண்டையிலோ விழுந்தது. வண்டியைக் கொளுத்தப் போகிறார்கள் என்று டிரைவர் அலறினான். யாரோ அம்மா அம்மா என்று அழுதான். கோவிந்தன் மூன்றாவது தடவை கத்தியபோது, சூசை குரலை மாற்றிக்கொண்டு, "பதினெட்டு" என்றான்.

அவ்வளவுதான். பத்தொன்பது, இருபது என்று மளமளவென்று முப்பத்து நான்கு வரைக்கும் வந்துவிட்டது. கேபின் மேல் இரண்டு தட்டு விழுந்தது. லாரி கிளம்பிவிட்டது.

ராமப்பன் வேனில் போயிருப்பான் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று சூசை பிற்பாடு தனக்குத்தானே ஒரு சமாதானம் தைத்து வைத்துக்கொண்டான். அது பொய். அந்த நேரத்தில் அவன் எதையும் நினைக்கவில்லை. வண்டி நகர வேண்டும், அது ஒன்றுதான். பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

எல்லையைத் தாண்டி ஜூஜூவாடியில் வண்டியை நிறுத்தித் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். தலைகளை எண்ணினால் முப்பத்து மூன்று. ராமப்பன் வேனிலும் இல்லை. கோவிந்தன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு என்று குரல் வந்ததே, என் பிள்ளை மேல் சத்தியமாக வந்ததே என்றார். யார் சொன்னது என்று கேட்டார்கள். நான் இல்லை, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவரவர் முழங்காலுக்கு நடுவே தலையைக் கொடுத்துக்கொண்டு கிடந்தவர்கள், எவன் குரலை எவன் கண்டான்? உயிர்ப்பயத்தில் எண்ணாமலே வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு இப்போது கதை அளக்கிறான் என்று ஒருத்தன் கோவிந்தனைச் செவிட்டில் அறைந்தான். பதினேழாம் நம்பர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ராமப்பன் மூன்றாம் நாள்தான் கிடைத்தான். கடப்பாரையால் இடது முழங்காலை நொறுக்கியிருந்தார்கள். கன்னடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அடி விழுந்தபோது அடிக்காதீங்கடா என்று தமிழ்தான் வந்திருக்கிறது. அந்த ஊர்க்காரி ஒருத்திதான் அவனை மாட்டுக்கொட்டகைக்கு இழுத்துப் போய், வைக்கோலுக்கு அடியில் மறைத்து வைத்து, விடிந்ததும் பால் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாளாம். கால் வளையாது என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி வேலை போயிற்று. நிச்சயம் பண்ணின பெண் வீட்டார் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எட்டு வருடம் கழித்துத்தான் சாந்தம்மா அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள்.

கோவிந்தன் கதை அதைவிடக் கேவலமாகப் போயிற்று. அவருக்குப் பட்டப்பெயரே பதினெட்டு என்று வைத்துவிட்டார்கள். கம்பெனி கேன்டீனில் தட்டோடு வந்தால், பதினெட்டு வருது, வழி விடு என்பார்கள். அவர் பிள்ளையைக்கூடப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டின் மகன் என்று கூப்பிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மனுஷன் தாங்க முடியாமல் போச்சம்பள்ளிப் பக்கம் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு போய்விட்டார். அதற்குப் பிறகு ஒரு மேட்சுக்கும் அவர் போனதில்லை.

சூசை ஒரே ஒருமுறை, மாதா கோயிலில் பாவங்களை அறிக்கையிடுகிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னான். சாமியார் பரிகாரமாகப் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அப்புறம், சம்பந்தப்பட்டவனிடம் போய் உண்மையைச் சொல்லு என்றார். பத்து மந்திரத்தை அன்றைக்கே சொல்லி முடித்துவிட்டான். மற்றதற்கு இருபத்தெட்டு வருடமும் போதவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, ஷிப்டு முடிந்து வெளியே வந்தவனைக் கம்பெனி கேட்டில் ஒரு பெண்மணி கூப்பிட்டாள். கோவிந்தனின் மனைவி ராஜலட்சுமி. அவருக்குக் குடலில் புற்றுநோய் என்றும், பெங்களூரில் கையை விரித்துவிட்டதால் பாகலூர் ரோட்டில் இருக்கும் சொந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டதாகவும் சொன்னாள். ராமப்பனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நீங்கள் சொன்னால்தான் ராமப்பண்ணன் கேட்பார் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். சூசைக்கு நின்ற இடத்தில் பூமி பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போலிருந்தது.

அன்றைக்கே போய்ப் பார்த்தான். கட்டிலில் கோவிந்தன் கிடந்தார் என்று சொல்வதற்கில்லை, எலும்பைத் துணியில் சுற்றிப் போட்டிருந்தது. கண் மட்டும்தான் பழைய கோவிந்தன். சூசையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சூச, பதினெட்டுன்னு என் காதுல விழுந்துச்சுடா. இல்ல, பயத்துல விழுந்த மாதிரி நானா நெனச்சுக்கிட்டனா? இத்தன பேரு இல்லன்னு சொன்னா, என் காத நானே எப்பிடி நம்பறது? எனக்கே இப்பத் தெரியலடா."

இதோ, இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ராமப்பனைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்த சூசை, சந்து முனையில் நின்று வாந்தி எடுத்தான். இந்த மனுஷன் தன் காதையே சந்தேகப்பட்டுக்கொண்டு செத்துப்போவார். உண்மையைச் சொன்னால் ராமப்பன் போய்விடுவான். லிபியாவையும் பிள்ளைகளையும் தவிர சூசைக்கு இந்த உலகத்தில் இருந்தது ராமப்பன் ஒருத்தன்தான். மூன்று நாள் சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. வேலையில் தப்பான பட்டனை அழுத்தி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், மற்றவர்கள் வருவதற்கு முன்னால் கடைக்குப் போனான். கோவிந்தனின் நிலைமையைச் சொல்லி, ஒரு எட்டு வந்து பார்த்துவிடு என்று கெஞ்சினான். ராமப்பன் ஒரே பிடியாக நின்றான். எண்ணத் தெரியாதவன் ஆளை ஏன் கூட்டிக்கொண்டு போனான், சாகிறவன் சாகட்டும், அவன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்றான். கும்பிட்டுக் கேட்டும் மசியவில்லை. சூசைக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று.

"அவரு எண்ணுனது சரிதான்டா. பதினெட்டுன்னு கொரல் வந்துச்சு. நான்தான் சொன்னன்."

ராமப்பன் முதலில் சிரித்தான். நாடகம் ஆடுகிறான் என்று நினைத்திருப்பான். பிறகு சூசையின் முகத்தைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ஒரு பெண் வந்து ஷாம்பு பாக்கெட் கேட்டாள். இரண்டு பாக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்பினான். அவள் தெருவைத் தாண்டியதும் கேட்டான்.

"எத்தன தடவ கூப்புட்டாரு?"

மூன்று தடவை என்றான் சூசை. ராமப்பன் தலையை ஆட்டிக்கொண்டான். பயத்தில் செய்துவிட்டேன், வேனில் போயிருப்பாய் என்று நினைத்தேன் என்று சூசை ஆரம்பித்து, இல்லை, நினைக்கவில்லை, எதையும் நினைக்கவில்லை என்று அழுதுகொண்டே முடித்தான். அடித்துவிடு, உன் ஊன்றுகட்டையால் மண்டையில் போடு என்றான். ராமப்பன் கட்டையை எடுத்தான். அதை ஊன்றிக்கொண்டு எழுந்தான்.

"மைதானத்துல அடிபட்டுக் கெடந்தப்ப லாரி போற சத்தம் கேட்டுச்சுடா. எண்ண வேண்டியவன் எண்ணல, பசங்க அவசரத்துல என்னை மறந்துட்டாங்க, மறதி யாருக்குத்தான் வராதுன்னு மனசத் தேத்திக்கிட்டன். இத்தன வருசமும் அத வச்சுத்தான் ஓட்டுனன்." மூச்சு வாங்கியது அவனுக்கு. "நீ மறக்கலயேடா. என் நம்பர ஞாபகம் வச்சிருந்து சொன்னியேடா."

தெருவில் வந்த ஆட்டோவைக் கையைக் காட்டி நிறுத்தினான். பாகலூர் ரோடு என்று சொல்வது கேட்டது. சூசை ஓடிப்போய், வண்டி இருக்கிறது, நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வேணாம் என்று மட்டும் சொன்னான் ராமப்பன். கம்பியைப் பிடித்து, வளையாத காலை வெளியே நீட்டிக்கொண்டு, பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே நகர்ந்தான். அதற்கு வெகுநேரம் பிடித்தது. ஆட்டோக்காரன் இறங்கி வந்து காலைத் தூக்கி உள்ளே வைத்தான். ஆட்டோ திரும்பிப் போனது.

சத்தம் கேட்டு உள்ளிருந்து சாந்தம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். காலியாக இருந்த ஸ்டூலைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள். பிறகு சூசையிடம் கேட்டாள்.

"ஏண்ணா, அவரத் தனியாவா விட்டீங்க?"